பலகையும் பட்டியலும்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கால் வைத்த முதல் நாளே எங்களுக்கு ஓர் அறிவுரை சொல்லப்பட்டது. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பி எதையும் எடுத்துக் கலக்காதே. உள்ளே இருப்பது இன்னதென்று ஆய்ந்து பார்த்துவிட்டுக் கலந்திடு என்பதே அது. ஐந்து ஆண்டுகளாக அந்த அறிவுரையைத் தவறாமல் பின்பற்றி வருகிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வெளியே வந்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது சென்ற திங்களில்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கதையை நம் மன்ற ஏட்டில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதில் உங்களுள் பலருக்கும் பங்கு இருக்கிறது.

திருப்பூரில் இருக்கும் என் அத்தை மகன் ஒருநாள் கைப்பேசியில் ஒரு பட்டியலை அனுப்பினான். ஒரு தெருவில் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர் இருபது, முப்பது பேரின் பெயர்கள் அதில் இருந்தன. "நம் வேலையைத் தின்ன வந்தவர்கள்" என்று மேலே ஒரு வரி. வேறொன்றும் இல்லை. நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை, அதற்கு ஒரு கேலியையும் சேர்த்து நம் மன்றத்தாரின் குழுவுக்கு அனுப்பி வைத்தேன். பதினேழு பேர் சிரித்தீர்கள். அவர்களுள் ஒருவரையும் நான் குறை சொல்லவில்லை. அனுப்பியவன் நான்.

என்னோடு ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் வேலை செய்பவன் பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்தவன். இரண்டு ஆண்டுகளாக ஒன்றாகத் தேநீர் அருந்துகிறோம். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லவும், மேலே இருந்த வரிக்குப் பொருள் சொல்லவும் யாரோ ஒருவர் கிடைத்துவிட்டார். மறுநாள் அவன் என்னிடம் சண்டை போடவில்லை. "அந்தப் பட்டியலில் என் சித்தப்பாவின் பெயர் கூட இருக்கலாம். அவரும் திருப்பூரில்தான் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னான். நான் உடனே, "உன்னைச் சொல்லவில்லையப்பா" என்றேன். அவன் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினான். அன்று மாலை தேநீருக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மனம் சரியில்லாமல் அந்த ஞாயிறு தாராவிக்குப் போனேன். அங்கேதான் என் தாத்தா இருக்கிறார். அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1958-இல், பதினெட்டு வயதில், தோல் பதனிடும் வேலைக்காக வந்தவர். பிறகு மாதுங்கா லேபர் கேம்பில் காபியும் பலகாரமும் விற்கும் ஒரு சிறு கடை வைத்தார். என் தந்தையார் செம்பூரில் வேலை பார்த்து அங்கேயே குடியேறிய பிறகும் தாத்தா தாராவியை விட்டு நகரவில்லை. ஊரில் ஆச்சியிடம் வளர்ந்த நான் பத்து வயதில் இங்கே வந்தேன். எனக்கு மராத்தி கற்றுக் கொடுத்தவரும் அவர்தான்.

நடந்ததைச் சொன்னேன். தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏலே, நம்ம கடைப் பலகை கதையை உனக்குச் சொல்லியிருக்கனா?" என்று கேட்டார். நான் கேட்டதில்லை.

அது 1960-களின் பிற்பகுதி. கடைக்கு முன்னால் தமிழ் எழுத்தில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்ததாம். நாள்தோறும் அங்கே சாப்பிட வரும் ஒருவர், நம் நெல்லைச் சீமைக்காரர், ஒரு கம்பெனியில் தட்டச்சர். ஒரு மாலை அவர் முகம் வெளிறிப்போய் ஒரு மராத்தி வார ஏட்டோடு வந்தார். வேலை பார்க்கும் தென்னாட்டாரின் பெயர்களை அந்நாளில் பட்டியல் பட்டியலாக அச்சிட்டு வந்தார்கள். அதில் தம் பெயரும் இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவருக்கு மராத்தி படிக்க வராது. பக்கத்து வீட்டில் இருந்த மராத்தியரான ஆலைத் தொழிலாளியை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் விரலை ஓட்டிப் படித்தார். பெயர் இருந்தது, ஆனால் கம்பெனி வேறு, பதவி வேறு. அதே பெயருடைய வேறு யாரோ ஒருவர்.

"அப்புறம் என்ன தாத்தா, பயம் தீர்ந்துதுல்ல?" என்றேன்.

"தீரலை. அந்தப் பேருக்காரன் எவனோ ஒருத்தன் இருக்கான்ல?" என்றார்.

அந்தத் தட்டச்சர் அதன்பின் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அன்றிரவே தாத்தா பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "ஒருத்தரும் உடைக்கலை, பாத்துக்கோ. ஒருத்தரும் கழட்டச் சொல்லலை. நானேதான் கழட்டுனேன். அதுதான் இன்னும் உறுத்துது" என்றார்.

மறுநாள் காலையில் அந்த ஆலைத் தொழிலாளி கடைக்கு வந்தார். பலகை இல்லாததைக் கண்டார். அவர் சிவாஜி பூங்காவில் நடக்கும் கூட்டங்களுக்குப் போகிறவர். அதைத் தாத்தாவிடம் மறைத்ததும் இல்லை. அவருடைய மகன் மெட்ரிக் தேறிவிட்டு இரண்டு ஆண்டுகளாக வேலையின்றி வீட்டில் இருந்தான். அவர் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாராம்: "உன்னைச் சொல்லவில்லை, அண்ணா."

நண்பர்களே! அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்கு உடல் கூசியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் என் தாத்தாவுக்குச் சொல்லப்பட்ட அதே வாக்கியத்தைத்தான் நான் என் நண்பனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல்லும் மாறவில்லை, மொழிதான் மாறியிருக்கிறது.

அதன் பிறகு இந்த வரலாற்றை முறையாகத் தெரிந்துகொள்ள விரும்பிப் பல நூல்களைப் புரட்டினேன். சிவசேனை 1966 ஜூன் 19-ஆம் நாள் தோன்றியது. தோற்றுவித்தவர் பால் தாக்கரே. கருத்துப்படம் வரைபவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1960-இல் 'மார்மிக்' என்னும் வார ஏட்டைத் தொடங்கியவர். தென்னாட்டார் பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தது அந்த ஏட்டில்தான். கட்சியின் பெயருக்குச் 'சிவாஜியின் படை' என்று பொருள். அதே ஆண்டு அக்டோபர் 30-இல் சிவாஜி பூங்காவில் அதன் முதற்பெருங்கூட்டம் நடந்தது. நாம் உடுத்தும் வேட்டியும் லுங்கியும்கூட அந்நாளில் கேலி முழக்கமாயின. 1969 பிப்ரவரியில் எல்லைச் சிக்கலை முன்வைத்து எழுந்த கலவரத்தில் பம்பாயில் பலர் உயிரிழந்தனர்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் பாதி உண்மையோடு நின்றிருப்பேன். மறுபாதியும் இருக்கிறது. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் வேண்டும் என்று 1950-களில் இந்த மக்கள் போராடினர். நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரை இழந்தனர். கோட்டைப் பகுதியில் இருக்கும் ஹுதாத்மா சௌக் அவர்களுடைய நினைவிடமே. 1960 மே 1-இல் மகாராட்டிரம் பிறந்தது. ஆனால் மாநிலம் கிடைத்த பிறகும் அலுவலகத்தில் நாற்காலி கிடைக்கவில்லை. ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த தென்னாட்டார் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். ஆலைத் தொழிலாளியின் மகன் தெருவில் நின்றான். அவனுடைய துன்பம் பொய்யன்று. அந்தத் துன்பத்திற்குக் காரணம் இன்னார் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட பட்டியல்தான் பொய்.

அதே காலத்தில் தமிழகத்தில் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்தோம். பம்பாயிலோ, தெற்கு வந்து நம்மைத் தேய்க்கிறது என்று முழங்கினார்கள். இரண்டு முழக்கங்களையும் ஒரே நாளில் கேட்டவர்கள் தாராவித் தமிழர்களாகத்தான் இருந்திருப்பார்கள்! நமக்கும் நாட்டின் பெயர் உயிராகவே இருந்தது. தமிழ்நாடு என்று பெயர் சூட்டுக என்று உண்ணாநோன்பிருந்து 1956-இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அதற்கான தீர்மானம் நிறைவேறியது. 1969 சனவரியில் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அது எவருடைய பெயரையும் பட்டியலில் எழுதாமல் வென்ற பெயர். அதை எண்ணும்போது இன்றும் பெருமையாக இருக்கிறது. 'நாம் தமிழர்' என்னும் பெயரில் 1958-இல் ஆதித்தனார் ஓர் இயக்கம் கண்டார். 2010-இல் அதே பெயரில் சீமான் ஒரு கட்சி தொடங்கினார். திராவிட நாடு கேட்ட தி.மு.க. 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டு, மாநில உரிமை என்னும் வழியில் நடந்தது. சீட்டு அதுவே, குப்பியில் இருந்தது மாறியது.

உலகெங்கும் இப்படியே இருக்கிறது. ஆஸ்திரியாவில் 1933-இல் 'தந்தையர் நாட்டு முன்னணி' தோன்றியது. அடுத்த ஆண்டு மற்றக் கட்சிகளுக்கெல்லாம் இடமில்லாமல் போயிற்று. 1938-இல் நாடே ஹிட்லரின் கைக்குப் போயிற்று. லிதுவேனியாவில் 1993-இல் தோன்றிய 'தாயக ஒன்றியம்' மக்களாட்சிக்குள் வென்றும் தோற்றும் வருகிறது. ருவாண்டாவின் 'நாட்டுப்பற்று முன்னணி' 1987-இல் உகாண்டாவில் வாழ்ந்த ஏதிலிகளால் அமைக்கப்பட்டது. 1994-இல் அந்நாட்டின் இனப்படுகொலையை முடிவுக்குக் கொண்டுவந்தது அதன் படையே. அன்று முதல் ஆட்சியும் அதன் கையிலேயே இருக்கிறது. சாம்பியாவின் 'நாட்டுப்பற்று முன்னணி' 2011-இல் வாக்குகளால் ஆட்சிக்கு வந்தது. 2021-இல் வாக்குகளாலேயே இறங்கிப் போயிற்று. நான்கு குப்பிகள், ஏறக்குறைய ஒரே சீட்டு. உள்ளே இருந்தவை நான்கு வேறு பொருள்கள்.

அப்படியானால் ஆய்ந்து பார்ப்பது எப்படி? என் சிற்றறிவுக்கு எட்டியது ஒரே ஒரு சோதனை. கட்சியின் பெயருக்குள் அடங்காதவன் ஒருவனை அதன் முன் நிறுத்திப் பாருங்கள். தமிழ்க் கட்சியின் முன் பீகாரியை நிறுத்துங்கள். மராத்திக் கட்சியின் முன் தமிழனை நிறுத்துங்கள். அவனைப் பற்றி அந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அவனுக்கும் சட்டம் பொது என்று சொன்னால் அந்தப் பற்று நாட்டின் மேல் வைத்த பற்று. அவன் பெயரை எழுதி வைத்துக்கொண்டால் அது வேறு ஏதோ ஒன்று.

உள்ளூர் மக்களுக்கு வேலை வேண்டும் என்று கேட்பது தவறா? தவறில்லை. அதை அரசிடம் கேட்கலாம், முதலாளியிடம் கேட்கலாம், சட்டத்தின் வழியாகக் கேட்கலாம். தெருவில் குடியிருப்பவனிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நாட்டின் எந்த மூலையிலும் சென்று வாழ எல்லோருக்கும் உரிமை தருகிறது. அந்தப் பிரிவின் நிழலில்தான் தாராவியும் மாதுங்காவும் செம்பூரும் தமிழ் பேசுகின்றன. நமக்கு நிழல் தரும் மரத்தைத் திருப்பூரில் வெட்டச் சொல்லலாமா? 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகாரியரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. அவை பொய் என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. 'நம்மைப் பற்றி இப்படிப் பொய் சொல்கிறார்களே' என்று அன்று நாமெல்லாம் கொதித்தோம். அந்தக் கொதிப்பு உண்மையானால், அனுப்பிய பட்டியலைப் பற்றியும் நான் கொதித்திருக்க வேண்டும்.

காலம் எப்படி மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தென்னாட்டாரை எதிர்த்து எழுந்த சிவசேனை பின்னாளில் வேறு கொள்கைகளை முன்வைத்தது. 1995-இல் கூட்டணி ஆட்சியும் அமைத்தது. 2022-இல் இரண்டாகப் பிளந்தது. தாராவிக்கு அடுத்த சயான் கோலிவாடாத் தொகுதியில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பா.ஜ.க. சார்பில் வென்றவர் தமிழ்ச்செல்வன் என்னும் தமிழர். பட்டியலில் இருந்தவர்கள் வாக்காளர்களானார்கள். ஆனால் அந்தத் தட்டச்சர் எங்கே போனார் என்பது தாத்தாவுக்கு இன்றுவரை தெரியாது.

குழுவில் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டேன். என் அத்தை மகனுக்கு விரிவாக எழுதினேன். "பம்பாய்க்குப் போனதும் தமிழ் உணர்வு போய்விட்டது" என்று பதில் வந்தது. பொறுத்திருப்பேன், அவனும் ஒருநாள் வெளியூருக்கு வேலைக்குப் போவான். இந்தக் கட்டுரையை இங்கே கொடுக்கும் முன் என் நண்பனுக்கு இந்தியில் சொல்லிக் காட்டினேன். அவன் முழுவதும் கேட்டான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை; சொல் என்று நானும் கேட்கவில்லை. "உன் தாத்தாவின் கடை இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டான்.

கடை இல்லை; பலகை இருக்கிறது. அதை எடுத்துத் துடைத்து நம் மன்ற அறையில் மாட்டலாமா என்று தாத்தாவைக் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "அரிசி மூட்டைக்கு அடியில கிடக்குலே. எடுத்தா மூட்டையில ஈரம் ஏறிரும்" என்றார்.

நண்பர்களே! பலகை அங்கேயே கிடக்கட்டும். அடுத்த முறை ஒரு பட்டியல் நம் கைக்கு வரும்போது, அதில் உள்ள முதற்பெயரை எடுத்துவிட்டு அங்கே நம் தாத்தாவின் பெயரை எழுதிப் படித்துப் பார்ப்போம். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் சிரிப்போம்.