கண்ணாடிக்குள்ள யாரு?

ஒரு நிமிஷம் எழுந்து போயி, பீரோ மேல இருக்கிற ஆல்பத்தை எடுத்துட்டு வாங்க. அக்கா, தங்கச்சி, அத்தைப் பொண்ணு... யாரோட சடங்கு ஆல்பமா இருந்தாலும் சரி. அதுல ஒரு படம் கண்டிப்பா இருக்கும். நெத்திச்சுட்டி, பட்டுத் தாவணி, பின்னாடி ஆளுயரக் கண்ணாடி. முகம் நம்மளைப் பார்க்கும், பூ தைச்ச சடை கண்ணாடியில தெரியும். தாழம்பூவும் மல்லியும் கனகாம்பரமும் வச்சு, கழுத்து வலிக்க வலிக்க உட்கார வச்சு தைச்ச சடையாச்சே, ஊருக்குக் காட்ட வேண்டாமா?

எடுத்தாச்சா? இப்போ தாவணி எந்தத் தோள்ல இருக்குன்னு பாருங்க. நேர்ல தெரியிற பொண்ணுக்கும் கண்ணாடியில தெரியிற பொண்ணுக்கும் அது ஒரே பக்கமா இருக்கா?

பழைய ஆல்பமா இருந்தா இருக்கும். கடந்த பத்துப் பதினஞ்சு வருஷத்து ஆல்பமா இருந்தா சந்தேகம்தான்! 2018-ல எனக்கு எடுத்த ஆல்பத்துல, முன்னாடி நிக்கிற நான் இடது தோள்ல தாவணி போட்டிருக்கேன். கண்ணாடிக்குள்ள நிக்கிறவளுக்கு அது படத்துல எதிர்ப் பக்கம் இருக்கு. அவ யாருன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். இரட்டைப் பிறவின்னா வீட்ல சொல்லியிருப்பாங்க இல்ல?

மேட்டர் சிம்பிள். இப்போ கண்ணாடி வச்செல்லாம் எடுக்கிறதில்லை. மண்டபத்துல முன்னாடி ஒரு கிளிக், திரும்பச் சொல்லி முதுகுல ஒரு கிளிக். அப்புறம் டிசைனர் கம்ப்யூட்டர்ல ஒரு கண்ணாடி ஃபிரேமை இறக்கி, முதுகுப் படத்தை அதுக்குள்ள ஒட்டிடுவார். ஒட்டும்போது இடவலமாத் திருப்பணும். அதை மறந்துட்டா தாவணி பக்கம் மாறிடும். சடைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்கிறதால யாரும் கண்டுபிடிக்கிறதில்லை. சந்தேகமா இருந்தா கண்ணாடி முன்னாடி நின்னு இடது கையைத் தூக்கிப் பாருங்க. உங்க இடது பக்கத்துல இருக்கிற கைதான் உள்ளேயும் மேல போகும்.

பெரம்பலூர்ல இன்ஜினீயரிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் அரியலூர் பக்கம். ஃபோட்டோஷாப் பழகணும்னு இந்த லீவுல ஆல்பம் டிசைன் பண்ற ஒரு அண்ணன்கிட்ட போய் உட்கார்ந்தேன். சித்தி பொண்ணுக்குச் சடங்கு வச்சிருந்த நேரம். ‘கண்ணாடிப் படத்தை மட்டும் நான் பண்றேண்ணா’ன்னு கேட்டு வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பார்த்துட்டு வரணும்னு தோணிச்சு. அரியலூர்ல ஃபிலிம் காலத்துலயே ஸ்டூடியோ வச்சிருந்த ஒரு பெரியவர். கடையை மூடி ரொம்ப வருஷமாச்சு. காபி கொடுத்து, திண்ணையில சாக்பீஸால தரையில கோடு போட்டே சொல்லிக் கொடுத்தார்.

“இதோ பாரு பாப்பா, கேமராவிலேர்ந்து பொண்ணு எட்டு அடி. பொண்ணுக்குப் பின்னாடி ரெண்டு அடியில கண்ணாடி. அப்போ கண்ணாடியில இருக்கிற பொண்ணு எவ்ளோ தூரம்?”

பத்து அடின்னு சொன்னேன். சிரிச்சார். கேமராவிலேர்ந்து கண்ணாடிக்குப் பத்து, கண்ணாடியிலேர்ந்து முதுகுக்கு இன்னும் ரெண்டு. ஆக, பன்னிரண்டு. பிம்பம் கண்ணாடி மேல ஒட்டிக்கிட்டு இல்ல, அதுக்குப் பின்னாடி ரெண்டு அடி உள்ளே நிக்குது. எட்டு அடியில நிக்கிற பொண்ணை விட பன்னிரண்டு அடியில நிக்கிறவ மூணுல ரெண்டு பங்குதான் தெரிவா. பிளஸ் டூ பிசிக்ஸ்ல நாம மனப்பாடம் பண்ணி எழுதினதுதான்! ஆனா நிறைய ஆல்பத்துல கண்ணாடிக்குள்ள இருக்கிறவளும் அதே சைஸ்ல, சில சமயம் கொஞ்சம் பெருசாவே இருக்கிறா.

அடுத்து ஃபோகஸ். எட்டு அடிக்கு லென்ஸை வச்சா பன்னிரண்டு அடியில இருக்கிறது மங்கும். அதுக்காகப் பெரியவர் அப்பெர்ச்சரைச் சின்னதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி ரெண்டையும் பிடிப்பாராம். அப்படியும் சடை ஒரு இம்மி சாஃப்ட்டாத்தான் விழும். அதோட கண்ணாடி தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடும், சாதாரணக் கண்ணாடியா இருந்தா லேசா பச்சையும் அடிக்கும். அப்புறம் இன்னொரு சூட்சுமம். கண்ணாடியை நேரா வைக்கவே கூடாது. நேரா வச்சா கேமராவும் கறுப்புத் துணி போட்ட ஸ்டாண்டும் அதுல தெரியும், சடை பொண்ணோட உடம்புக்குப் பின்னாடி மறைஞ்சிடும். அதனால ஒரு பக்கமா லேசா சாய்ச்சுத் திருப்பி வைப்பாங்க. இந்தச் சூட்சுமத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

சித்தி பொண்ணுக்கு இதெல்லாத்தையும் செஞ்சு பார்த்தோம். முன்பக்கம் எட்டு அடியில, முதுகுப்பக்கம் பன்னிரண்டு அடியில, ஒரே லென்ஸ், ஒரே ஜூம். கேமரா உயரத்தை இம்மி மாத்தலை. தூரத்தைச் சரியா வச்சுட்டா கம்ப்யூட்டர்ல சைஸ் மாத்தவே வேண்டியதில்லை, தானா மூணுல ரெண்டு பங்கு வந்துடுது. இடவலமாத் திருப்பி, தனி லேயரா வச்சு, ஒரு பொட்டு பிளர், ஒரு பொட்டு இருட்டு, ஒரு பொட்டு பச்சை. மணி பார்த்தா நாற்பது நிமிஷம். டிசைனர் அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, “இந்த வேகத்துல போனா ஒரு ஆல்பத்துக்கே பொங்கல் வந்துடும்”னார். ஆனா அந்தப் பக்கத்தை ஒரு தடவைக்கு மூணு தடவை பார்த்தார், அதை நான் கவனிச்சேன்.

தண்ணியில தெரியிற மாதிரி பண்றது இன்னொரு கூத்து. எங்க பக்கம் எடுக்கிற கல்யாண ஆல்பங்கள்ல கங்கைகொண்ட சோழபுரம் இல்லாம முடியாது. 1035-ல முடிஞ்ச ராஜேந்திர சோழன் கோயில், யுனெஸ்கோ கணக்குல விமானம் 53 மீட்டர். கோயிலைச் சுத்திப் புல்தரைதான். ஆனா ஆல்பத்துல மாப்பிள்ளை, பொண்ணு காலடியில ஏரியே இருக்கும்! மொத்தப் படத்தையும் தலைகீழாக் கவிழ்த்து, மேல அலை போட்டுடுவாங்க. தூரத்துல நிக்கிற விமானத்துக்கு அது கிட்டத்தட்ட ஒத்துப்போகும். கிட்ட நிக்கிற மாப்பிள்ளைக்குத்தான் வினை. தண்ணிக்கு மேல அஞ்சு அடியில இருக்கிற உங்க கண்ணுக்கு, பிம்பம் எப்படித் தெரியும்னா, தண்ணிக்கு அஞ்சு அடி கீழே இன்னொரு கண் இருந்து மேலே பார்த்தா எப்படியோ அப்படி. மாப்பிள்ளையோட தாடைக்கு அடிப்பக்கம் தெரியணும், குனிஞ்ச முகம் தெரியக் கூடாது. அதோட காலடித் தண்ணியை நேர் கீழா பார்த்தா பிரதிபலிப்பு ரெண்டு சதவீதம்தான், தரைதான் தெரியும். தூரம் போகப் போகத்தான் கண்ணாடி ஆகும். மழை நின்னதும் உங்க காலேஜ் கிரவுண்டுல ஒரு குட்டை கிட்ட நின்னு பாருங்க, புரிஞ்சிடும்.

பொய்க் கண்ணாடியைப் பிடிக்க ஒரு சூப்பர் வழி இருக்கு. ஜேம்ஸ் ஓ’பிரையனும் ஹானி ஃபரித்தும் 2012-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க. பொண்ணோட காதையும் பிம்பத்தோட அதே காதையும் ஒரு கோட்டால சேருங்க. அதே மாதிரி முழங்கை, தோள், உச்சந்தலை. நிஜக் கண்ணாடின்னா எல்லாக் கோடும் நீண்டு போயி ஒரே புள்ளியில சேரும். ஒட்டின கண்ணாடின்னா ஆளுக்கு ஒரு திசை! ஒரு ஸ்கேல், ஒரு பென்சில் போதும். ஏஐ போட்டுத் தர்ற படத்தையும் இதே கோட்டை வச்சுச் சோதிச்சுப் பாருங்க.

இவ்வளவும் சரியாப் பண்ணினாலும் ஒட்டின கண்ணாடியில ஒண்ணு இருக்காது. ரூம் இருக்காது. நிஜக் கண்ணாடி சடையை மட்டும் காட்டிட்டு நிறுத்திக்காது. எதிர்ல யார் நின்னாலும் இழுத்து உள்ளே போட்டுக்கும். யான் வான் ஐக் 1434-ல வரைஞ்ச ஒரு தம்பதி ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. அதுல பின் சுவத்துல ஒரு குட்டி வட்டக் கண்ணாடி. அதுக்குள்ள அந்தத் தம்பதியோட முதுகு, அதையும் தாண்டி வாசல்ல நிக்கிற ரெண்டு பேர். ஓவியத்துல வேற எங்கேயும் இல்லாத ரெண்டு பேர்!

அப்படி ஒருத்தர் எங்க வீட்டுப் படத்துலயும் இருக்கார். இல்ல, இருக்காரா இல்லையாங்கிறதுதான் எங்க வீட்டுச் சண்டையே.

1992-ல அம்மாவுக்குச் சடங்கு. ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சு அரியலூர் வந்து, ஸ்டூடியோவுல எடுத்த எட்டுக்குப் பத்து கலர் படம். இப்போ சிவந்து போயி, ஓரமெல்லாம் பூஞ்சை. கண்ணாடியில சடை. சடைக்குப் பக்கத்துல, கண்ணாடியோட ஓரத்துல, வெளிறின ஒரு திட்டு. அது எங்க தாத்தான்னு அம்மாயி சொல்லும். அது பூஞ்சைன்னு மாமா சொல்வார். ஃபோட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு நம்பின ஆளு தாத்தா. எந்தக் கல்யாணத்துலயும் கேமராவைக் கண்டா தள்ளிப் போயிடுவாராம். 1993-ல இறந்துட்டார். வாக்காளர் அட்டைகூட எடுத்ததில்லை. திதிக்கு எங்க வீட்ல விளக்கு மட்டும்தான் வைப்போம்.

போன வருஷம் அந்தப் படத்தை ஒரு கடையில கொடுத்துச் சரி பண்ணச் சொன்னோம். பளபளன்னு வந்துச்சு. பூஞ்சை போச்சு, சிவப்பு போச்சு. கண்ணாடியும் துடைச்சு வச்ச மாதிரி வெறும் இளநீலம். எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. அம்மாயி மட்டும் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போயி ரொம்ப நேரம் பார்த்துட்டு, “இவரை எங்க கண்ணு?”ன்னு கேட்டுச்சு. யாருக்கும் பதில் சொல்ல வரலை. நல்லவேளை, ஒரிஜினல் பத்திரமா இருந்துச்சு.

பெரியவர் சாக்பீஸால போட்ட கோடு இங்கதான் உதவிச்சு. பழைய படத்துல ஸ்கேல் வச்சேன். அம்மா தலை 30 மில்லிமீட்டர். கண்ணாடியில அம்மா தலை 20. மூணுல ரெண்டு பங்கு! எட்டு அடி, ரெண்டு அடி கணக்கு அப்படியே பொருந்துது. திட்டோட மேல்பகுதியை அளந்தேன். 12 மில்லிமீட்டர். மனுஷத் தலை ஆளுக்கு ஆள் பெருசா மாறாது (தலைக்கனம் வேற விஷயம்). அப்போ 8-ஐ 30-ஆல பெருக்கி 12-ஆல வகுத்தா, 20 அடி. கேமராவிலேர்ந்து கண்ணாடிக்குப் பத்து அடி, கண்ணாடியிலேர்ந்து திரும்பப் பத்து அடி. அதாவது கேமராவுக்குப் பக்கத்துல. பெரியவருக்கு ஃபோன் போட்டேன். அந்தக் கால ஸ்டூடியோவுல கேமராவுக்குப் பக்கத்துச் சுவர்ல என்ன இருக்கும்னு கேட்டேன். “பெஞ்சுதான் பாப்பா. கூட வந்தவங்க உட்கார்ற பெஞ்சு”ன்னார். கேமரா தெரியக் கூடாதுன்னு சாய்ச்சு வச்ச கண்ணாடி, நேரா அந்தப் பெஞ்சைப் பார்த்திருக்கு. பூஞ்சைக்கு இவ்வளவு ஜியோமெட்ரி தெரியுமா என்ன?

மாமா விடலை. “யாரோ உட்கார்ந்திருக்கலாம். அப்பா எப்பவும் இடது தோள்லதான் துண்டு போடுவார். இதுல வலது தோள்ல கிடக்கு பாரு”ன்னார். ஸ்கேன் பண்ணின படத்தைப் பெருசாக்கினா, ஆமா, திட்டு மேல ஒரு வெள்ளைக் கோடு, வலது தோள்ல. நான் ஒண்ணும் பேசலை. இடவலமாத் திருப்பிக் காட்டினேன். துண்டு இடது தோளுக்கு வந்துடுச்சு. அம்மா கம்ப்யூட்டர் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்துட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

அப்புறம் அந்தப் படத்தை நானே சரி பண்ணினேன். சிவப்பை எடுத்தேன், முகத்து மேல இருந்த புள்ளியெல்லாம் எடுத்தேன். கண்ணாடிக்குள்ள மட்டும் கை வைக்கலை. அங்க எது பூஞ்சை, எது துண்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தாத்தாவை மட்டும் தனியா வெட்டி, திருப்பி, பெருசாக்கி, திதிக்கு வைக்க ஒரு பிரிண்ட் போடலாமான்னு அம்மாயிகிட்ட கேட்டேன். வேண்டாம்னுடுச்சு. பொண்ணைக் கூட்டிட்டு வந்து உட்கார்ந்த மாதிரியே இருக்கட்டுமாம்.

இப்போ அந்த எட்டுக்குப் பத்து பிரிண்ட் கூடத்துல மாட்டியிருக்கு. வர்றவங்க எல்லாரும் சடையைப் பார்த்து, எத்தனை முழம் பூன்னு கேட்கிறாங்க. மாமா மட்டும் இன்னும் பூஞ்சைன்னுதான் சொல்றார். ஆனா இந்தத் தடவை திதிக்கு விளக்கை அந்தப் படத்துக்குக் கீழே கொண்டு போயி வச்சது அவர்தான்.