ஏறுனா போதுமா... இறங்கணும்ல!

போடிநாயக்கனூரில் அதிகாலைக்கு அலாரம் தேவையில்லை. அஞ்சு மணிக்கே ஜீப்புகள் உறும ஆரம்பிச்சுடும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளியோட ஏலத் தோட்ட வேலைக்குப் போறவங்க தெருமுனையில் காத்திருப்பாங்க. ஜீப் வந்து நிக்கும், ஏறுவாங்க, மலையைப் பார்த்துக் கிளம்பிடும். எல்லை தாண்டி கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் வேலை. சாயங்காலம் திரும்பவும் போடி. தேவாரம், கோம்பை, கம்பம்னு அந்தப் பக்கத்து ஊர்கள்லயும் இதே காட்சிதான்.

நம்ம காலேஜ் பார்க்கிங்கில் 'ஆஃப்-ரோடு'ன்னு சொல்லிப் பாருங்க. கூரை மேல ஆறு லைட், ஆளுயர டயர், சேறு தெறிக்கிற மாதிரி ஒரு போட்டோ... இதுதான் எல்லார் மனசுலயும் ஓடும். போடிக்காரங்களுக்கு அது தினப்படி வேலைக்குப் போற வழி, அம்புட்டுதான்! அந்த வழிக்கு ஒரு ஜீப் எப்படித் தயாராகுதுன்னு பார்க்கத்தான் நாலு வாரம் சனி, ஞாயிறுகளை போடியில் கழிச்சேன். நான் மதுரையில் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கிளாஸ்மேட்டோட தாய்மாமா வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு ஜீப் எலும்புக்கூடா நிக்குதுன்னு கேள்விப்பட்டதும் கிளம்பிட்டேன்.

மதுரையிலிருந்து ரயில். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் பாதையை மூடினப்ப நாங்கள்லாம் சின்னப் பிள்ளைங்க. அகலப்பாதையா மாறி போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில்! உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி தேனி வந்ததும் ஜன்னல் முழுக்க மலை. அதுக்கு மேல தண்டவாளம் போக இடமே இல்லாத மாதிரி ஒரு சுவர். அந்தச் சுவர் மேலதான் மாமாவோட ரெண்டு ஏக்கர் ஏலத் தோட்டம் இருக்கு. ஆடி முடிஞ்சா காய் எடுப்பு ஆரம்பம். போன வருஷம் வாடகை ஜீப்புக்குக் கொடுத்தே லாபம் கரைஞ்சுபோச்சாம். அதுக்குள்ள சொந்த வண்டி மலை ஏறியாகணும்.

ஷெட்டுன்னு சொன்னது மரியாதைக்கு. நாலு கம்பம், மேல தகரம், பக்கத்துல ஒரு வேப்பமரம். இன்ஜினைத் தூக்க செயின் பிளாக் தொங்கிறது அந்த வேம்புலதான். "முருங்கையும் நிக்குதே மாமா?"ன்னு கேட்டதுக்கு, "அதுல முருங்கைக்காய் தொங்குறதே பெருசு மாப்ளே!"ன்னார். பேரிங் கழுவ டீசல் ஊத்தி வெச்சிருந்தது அத்தையோட ரிட்டயர்டு இட்லிச் சட்டி. அத்தை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போவாங்க.

வண்டி, மஹிந்திரா எம்.எம். 540. ரெண்டாம் உலகப் போரில் பேர் வாங்கின வில்லிஸ் ஜீப் பரம்பரையில் வந்த பேரன். 1940-களின் கடைசியில் இங்கே பூட்ட ஆரம்பிச்ச ஜீப்பின் சாயல் இதோட மூஞ்சியில் அப்படியே இருக்கும். இன்ஜின் மட்டும் பிரான்ஸ்! பெஜோ டிசைன், 2,112 சிசி டீசல். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மலையில் பாதி வழியில் நின்னா ஸ்பேனரும் கொஞ்சம் மூளையும் இருந்தா போதும். அதனாலதான் இத்தனை வயசாகியும் இந்த வண்டிக்கு இங்கே மவுசு குறையலை.

லீஃப் ஸ்பிரிங்குக்கு இங்கே பேரு 'பட்டை'. பழைய லாரிப் பட்டையில்தான் கொல்லர்கள் அருவாள் அடிப்பாங்க. அவ்வளவு நல்ல இரும்பு. மாமாவோட ஜீப்பில் உடைஞ்சுபோன ஒரு பட்டை, இப்போ தோட்டத்தில் களை வெட்டுற அருவாளா வேலை பார்க்குதாம்!

முதல் நாளே ஆர்வக்கோளாறில் கேட்டேன், "மாமா, கொஞ்சம் ஹைட் ஏத்தி, அகல டயர் போட்டா சும்மா கெத்தா இருக்கும்ல?"

"யாருக்குக் கெத்து? தோட்டப் பாதை சேறு மேல வழுக்கும், அடியில கெட்டியா இருக்கும். ஒல்லி டயரு சேத்தை வெட்டிக்கிட்டு அடியில போய்ப் பிடிக்கும். அகல டயரு மேலயே மிதக்கும். வண்டியைத் தூக்கினா, சரிவுல கவிழ்றதுக்கு நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி."

சட்டமும் மாமா பக்கம்தான் பாஸ். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரத்தோட பொருந்தாத மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திடுச்சு. மாமாவோட ஜீப்புக்கு 15 வருஷம் எப்பவோ முடிஞ்சாச்சு. இனி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டித்தான் ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். கெத்துக்காக எதையாவது ஒட்டவெச்சா அங்கே கழட்டச் சொல்லுவாங்க.

ரெண்டாவது வாரம் இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. கைதட்டி முடிக்கிறதுக்குள்ள, மூணே நிமிஷத்தில் இருமி நின்னுபோச்சு! ஏர் எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணினா மறுபடி மூணு நிமிஷம். எங்கேயோ காத்து புகுந்திருக்கு. ஆனா எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு டீசல் கசிவு இல்லை.

இங்கேதான் கொஞ்சம் பிசிக்ஸ். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுது. உறிஞ்சுற பக்கம் குழாய்க்குள்ள அழுத்தம், வெளிக்காத்தைவிடக் கம்மி. அங்கே ஓட்டை இருந்தா டீசல் வெளியே வராது. காத்துதான் உள்ளே போகும். ஈரத்தைத் தேடினா ஜென்மத்துக்கும் கிடைக்காது! மாமா பண்ணின வேலை செம. ஒரு வாட்டர் பாட்டிலில் டீசல் ஊத்தி, பானட் கம்பியில் உயரமா கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ட்யூபை நேரா பம்புக்குக் கொடுத்தார். அச்சு அசல் ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டில். வண்டி கால் மணி நேரம் நிக்காம ஓடுச்சு. அப்படின்னா பம்ப், நாசில் எல்லாம் சுத்தம். நோய் டேங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான். அரை மணி நேரத்தில் ஆளைப் பிடிச்சாச்சு. டேங்குக்குள்ள இறங்குற குழாயில், பத்தவெச்ச இடத்துக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

அது சின்ன வைத்தியம். பெரிய ஆபரேஷன் அடுத்த வாரம் காத்திருந்தது.

இந்த ஜீப்போட பழைய முன் ஆக்ஸில் ஹவுசிங்கில் விரிசல் விட்டிருந்ததால், ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து வேற ஆக்ஸில் வாங்கிப் பூட்டியிருந்தாங்க. பார்க்க ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. டூ வீலில் வண்டி வெண்ணெய் மாதிரி போச்சு. ஃபோர் வீல் லிவரைப் போட்டதும் கதையே மாறிடுச்சு. முரட்டுக் காளையை மூக்கணாங்கயிறு போட்டு இழுக்கிற மாதிரி துள்ளல். நிறுத்தினா லிவர் வெளியே வர மாட்டேங்குது. ரிவர்ஸில் கொஞ்சம் உருட்டினப்புறம்தான் 'டங்'குன்னு விடுபட்டுது.

தெருவில் இருந்த பெருசுங்க எல்லாம் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. "ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு"ங்கிறதுக்குத்தான் மெஜாரிட்டி. அதைக் கழட்டினா ரெண்டு நாள் வேலை, கைக்காசு வேற. மாமா அவசரப்படலை.

"தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டா எந்த ஜீப்பும் இப்படித்தேன் முறுக்கும். முதல்ல மண்ணுக்குப் போவோம்."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் போகும், பின் சக்கரங்கள் கம்மியா போகும். மண்ணா இருந்தா டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிடும். தார் விடாது, முறுக்கு முழுசும் ஷாஃப்டில் ஏறும். சரின்னு உழுது போட்ட ஒரு காட்டுக்குப் போய், நேர்கோட்டில், ஸ்டீயரிங்கை அசைக்காம ஓட்டிப் பார்த்தோம். அங்கேயும் அதே துள்ளல்! திரும்பவும் இல்லை, தாரும் இல்லை... அப்புறம் ஏன் முறுக்குது?

"மாப்ளே, வீட்டுல சாக்பீஸ் இருக்கா பாரு."

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, லிவரை நியூட்ரலில் போட்டோம். பின் சக்கரத்தில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. ஃப்ரெண்டு ஒரு பக்கச் சக்கரத்தை ஆடாம பிடிச்சுக்க, நான் அடுத்த பக்கத்தைக் கையால் சரியா ரெண்டு சுத்து சுத்தினேன். அது ஏன் ரெண்டு? ஒரு சக்கரம் நின்னா மத்தது கிரவுனைவிட ரெண்டு மடங்கு சுத்தும். அதனால் ரெண்டு சுத்து சுத்தினா கிரவுன் ஒரு சுத்து. அஞ்சு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணினதை, கை நிறைய கிரீஸோட நேர்ல பார்க்கிறது தனி சுகம்!

பின் ஷாஃப்ட் அஞ்சு சுத்து முடிச்சு, மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல போய் நின்னுது. முன்னாடி அதே மாதிரி சுத்தினோம். அஞ்சை எட்டவே இல்லை! சாக்பீஸ் கோடு சரியா அரைச் சுத்து பின்தங்கி நின்னுது. ஹவுசிங் மூடியைத் திறந்து பல்லை எண்ணினதில் விஷயம் வெளியே வந்துடுச்சு. பின்னாடி பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43. முன்னாடி 8-க்கு 39. கணக்குப் போட்டா 5.375-ம் 4.875-ம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ரெண்டு ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுத்தும். முன் சக்கரங்களோ பத்து சதவிகிதம் வேகமா ஓடப் பார்க்கும். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இழுபறி!

தெருவில் துள்ளினது பரவாயில்லை. மலையில், ஈரப் பாறையில், ஒரு பக்கம் பள்ளத்தோட இறங்கும்போது முன் சக்கரம் இப்படி இழுத்திருந்தா? பின்னாடி ஆறு பேர் உக்கார்ந்திருப்பாங்க. மாமா எதுவும் சொல்லலை. அத்தை கொண்டு வந்த டீ மட்டும் ரொம்ப நேரம் அவர் கையிலேயே ஆறிப்போய் இருந்தது.

பழைய ஆக்ஸிலில் இருந்த 8-க்கு 43 செட் நல்லாவே இருந்ததால் அதையே எடுத்துப் போட்டோம். போடுறதுதான் ரெண்டு நாள் தவம். காவிப் பொடியைக் கிரீஸில் குழைச்சுப் பல்லில் தடவி, சுத்திப் பார்க்கணும். உரசின அடையாளம் பல்லோட நடுவில் விழணும். ஓரத்தில் விழுந்தா கழட்டு, மெல்லிசா ஒரு ஷிம் சேர், மறுபடி பூட்டு. ஏழாவது தடவை நடுவில் விழுந்துச்சு. மறுபடி உழவுக் காட்டுக்குப் போய் லிவரைப் போட்டோம். துள்ளல் இல்லை. லிவர் ஒரு விரலுக்கு வந்துச்சு.

கடைசி ஞாயிறு மலை. போடியின் வெயிலிலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி கொண்டை ஊசியா ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறினா போடிமெட்டு. கீழே நனைஞ்ச சட்டை வேர்வையில், மேலே நனைஞ்சது மேகத்தில்! செக்போஸ்ட் தாண்டினதும் கடைப் பலகைகள் மலையாளம் பேசுது. டீக்கடைக்காரர் ரெண்டும் பேசுறார். கொழுக்குமலைக்கு டூரிஸ்டுகள் ஜீப் பிடிக்கிற சூரியநெல்லி இங்கிருந்து பக்கம்தான். நாங்க போனது வேற பக்கம். தாரை விட்டு இறங்கினா மரநிழலில் ஏலச்செடி, நடுவில் சிவப்புச் சேறும் உருட்டுக் கல்லுமா ஒரு பாதை. நடந்து போனாலே ரெண்டு தடவை விழலாம்.

ஃபோர் வீல், 'லோ'. லோவில் போட்டா சக்கர வேகம் ரெண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவு கூடும். நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு கல்லையும் விசாரிச்சுட்டு ஏறுச்சு ஜீப். ஒரு தடவைகூட சக்கரம் சும்மா சுத்தலை. எனக்கு விசில் அடிக்கணும்போல இருந்தது. மாமா முகத்தில் ஒண்ணும் காணோம்.

"ஏறுறதை எந்த வண்டியும் ஏறிரும் மாப்ளே. ஏற முடியலைன்னா நின்னுக்கும். இறங்க முடியலைன்னா நிக்காது."

இந்த ஜீப்புக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதிச்சுட்டே இறங்கினா டிரம் சூடாகி விரியும். ஷூவுக்கும் அதுக்கும் இடைவெளி கூடும், பெடல் கீழே போகும். லைனிங்கோட பிடியும் குறையும். பிரேக் ஆயில் வேற காத்திலிருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சிருக்கும். சூட்டில் அது கொதிச்சு ஆவிக் குமிழ் வந்தா, மிதிக்கிறது வெறும் பஞ்சு மேல. ஷெட்டில் டீசலுக்குள்ள புகுந்து வண்டியை நிறுத்தின அதே குமிழ், இங்கே வண்டியை நிறுத்த விடாது! அதனாலதான் பார்க்க நல்லாவே இருந்த ஆயிலை மாமா முழுசா மாத்தியிருந்தார். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினோம். இன்ஜின் 'ம்ம்ம்...'னு பிடிச்சு நிறுத்த, மாமாவோட கால் பிரேக்கைத் தொட்டது எண்ணி எட்டே தடவைதான்.

பாதி வழியில் சமதளம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். இறங்கி ஒவ்வொரு டிரம்மையும் புறங்கையால் பக்கத்தில் வெச்சுப் பார்த்தார். மூணு வெதுவெதுப்பு. இடது பின்பக்கம் மட்டும் கையை வெடுக்குன்னு எடுத்தார்.

"இது மட்டும் உரசுது. சீட்டுக்கு அடியில ஸ்பேனர் இருக்கும், எடு."

ஆறட்டும்னு பத்து நிமிஷம் உக்கார்ந்தோம். அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோறைப் பிரிச்சப்ப, எங்கேயோ கீழே இன்னொரு ஜீப் லோ கியரில் முனகிக்கிட்டே ஏறி வர்ற சத்தம் கேட்டுது. மாமா காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அவனுக்கு ரெண்டாவது சிலிண்டர் நாசில் சரியில்ல"ன்னு சொல்லிட்டு, ஸ்பேனரோட சக்கரத்துக்கு அடியில் படுத்தார்.