பன்னிரண்டாவது அயிட்டம்

கோட்டையில் சட்டசபை கூடப்போகிறது என்றால் எங்கள் எம்.எல்.ஏ. நோட்டீஸ் அடித்துவிடுவார். 'என் முன்னுரிமைகள்' என்று 12 அயிட்டம். அலங்கார வளைவு முதலிடம்; எங்க ஏரியாவுக்கு டவுன் பஸ், பன்னிரண்டாவது! நான் பி.காம். சார். சம்பளத்தில் 12 செலவு எழுதினால் கடைசிச் செலவு அடுத்த மாதம்தான் என்று தெரியாதா?

சபையில் மொத்தம் 234 பேர். கேள்வி நேரம் என்று ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அனுமதி கிடைத்து, 'பஸ் எப்போ விடுவீங்க?' என்று கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அது அவைக்குறிப்பில் ஏறும். மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானமும் கொடுக்கலாம். நோட்டீஸ் நாளைக்கே பக்கோடா மடிக்கப் போய்விடும், அவைக்குறிப்பு போகாது.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து 2 கிலோமீட்டர் தனியாக நடந்து வருகிறாள் என் தங்கை. அவளுக்கு வளைவு எதுக்கு சார்? ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும்.