தண்ணீர் போன வழி

தாஹோ ஏரியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்ற 72 மைல்; நம் கணக்கில் 116 கிலோமீட்டர். கலிஃபோர்னியாவும் நெவாடாவும் பங்கு போட்டுக்கொண்ட அந்த ஏரி, கடல் மட்டத்துக்கு 6,200 அடி மேலே மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. சாலை கரையை ஒட்டியே போகிறது என்று வரைபடம் சொல்லும். தொடை வேறு மாதிரி சொல்லும். எமரால்டு விரிகுடாப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நிமிர்ந்தால் இறக்கம். இறங்கி முடிப்பதற்குள் அடுத்த ஏற்றம். கிழக்குக் கரையில் கேவ் ராக் என்ற பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள் லாரிகளோடு சேர்ந்து போக வேண்டும். சுற்றி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண்ணெல்லாம் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டில்தான் இருக்கும்.

அதனால்தான் என் அக்கா மகன் கிழக்கு மலையின் மேலே இருக்கும் ஃப்ளூம் டிரெயிலுக்குக் கூட்டிப்போனான். ஸ்பூனர் ஏரியில் தொடங்கி, ஆஸ்பென் மரங்களுக்கு இடையே மூச்சு முட்ட ஏறினால் மார்லெட் என்ற சின்ன ஏரி வரும். அதன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து வடக்கே ஒரு மண் தடம் பிரிகிறது. வலப்பக்கம் கிரானைட் பாறை. இடப்பக்கம் 1,500 அடிக்குக் கீழே தாஹோவின் நீலம். ஒரு சைக்கிள் போகும் அகலம்தான். ஆனால் அந்த ஏழு கிலோமீட்டருக்கும் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

"மாமா, கியரையே தொட வேண்டாம் பாருங்க" என்று முன்னால் போய்க்கொண்டே கத்தினான்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. ஆடுமாடு போட்ட தடம் என்றால் பாறைக்குப் பாறை ஏறி இறங்கும். உல்லாசத்துக்கு வெட்டிய பாதை என்றால் நல்ல காட்சி தெரியும் மேட்டைத் தேடிப் போகும். இது இரண்டுமில்லை. செங்குத்துப் பாறை குறுக்கே வந்தாலும் மட்டத்தை விடாமல், பாறையைச் செதுக்கிக்கொண்டு நேரே போகிறது. இடையில் ஓரிடத்தில் நின்று பார்த்தபோது, புதருக்குள் மக்கிய பலகைத் துண்டுகளும் துருவேறிய இரும்பும் கிடந்தன.

கீழே டனல் கிரீக்கில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். தண்ணீர் கொண்டுபோன மரத்தொட்டி வாய்க்கால் உட்கார்ந்திருந்த இடம் அது, வர்ஜீனியா சிட்டிக்குப் போனது என்றார். கேட்டதும் குழப்பம்தான் கூடியது. வர்ஜீனியா சிட்டி நெவாடா பக்கத்து ஊர். இந்த மலைக்குக் கிழக்கே இறங்கி, நடுவில் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி, மறுபடி இன்னொரு மலைத்தொடரில் ஏறினால்தான் வரும். ஏரிப்பக்கச் சரிவில் வடக்கு பார்த்து ஓடிய தண்ணீர் அங்கே எப்படிப் போகும்?

விடை தேடி அந்த ஊருக்கே போனோம். 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவு கண்டுபிடிக்கப்பட்டு ஒரே மூச்சில் எழுந்த ஊர். 1870களில் பக்கத்துச் சுரங்க ஊர்களையும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று மரப்பலகை நடைபாதையும் பழைய மதுக்கடைகளுமாகச் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கிறது. அன்று அதன் கீழே சுரங்கங்களில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கொதிக்கக் கொதிக்க ஊறி வேலையாட்களை விரட்டியது. அதைக் குடிக்க முடியாது. மேலே ஊர் தாகத்தில் கிடந்தது.

பணமிருந்ததால் ஆள் பிடித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹெர்மன் ஷூஸ்லர் என்ற பொறியாளர் வந்தார். தாஹோ மலையின் கிழக்குச் சரிவில் ஓடைகளைத் தேக்கி, அங்கிருந்து ஏழு மைல் நீளத்துக்கு இரும்புக் குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கி, எதிர் மலையில் ஏற்றினார். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்க்கிறாரே, அதே சங்கதிதான். ஆனால் இங்கே குழாய் நடுவில் 1,700 அடிக்கும் மேல் தாழ்கிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கக் கீழே போகப்போக இரும்பின் தடிமனைக் கூட்டி, ஒவ்வொரு துண்டையும் அது உட்காரப்போகும் இடத்துக்கு அளவெடுத்துச் செய்து, இணைப்புகளில் ஈயம் அடைத்தார்கள். 1873 கோடையில் தண்ணீர் மறுபக்கம் ஏறியது. பம்பு கிடையாது.

ஓடைகள் சில ஆண்டுகளில் போதாமல் போயின. அப்போதுதான் கண் மார்லெட் ஏரி மேல் விழுந்தது. அது மலையின் தப்பான பக்கத்தில் இருக்கிறது. அதன் தண்ணீர் இயல்பாக மேற்கே தாஹோவில்தான் விழும். மேற்கே போவதை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் வித்தை நமக்குப் புதிதல்ல. பெரியாற்றில் 1895இல் செய்ததும் அதுதான். இவர்கள் 1877இலேயே ஏறத்தாழ 4,000 அடி நீளச் சுரங்கத்தை முடித்துவிட்டார்கள். ஆனால் குடைய வாகாக மலை மெலிந்திருந்த இடம் மார்லெட்டுக்கு வடக்கே மைல் கணக்கில் தள்ளி இருந்தது. ஏரியிலிருந்து சுரங்க வாய் வரை தண்ணீரை உயரம் அதிகம் இழக்காமல் நடத்திப்போக வேண்டும். இழந்தால் சுரங்கத்தில் நுழையாது. வாட்டம் கொஞ்சம் கூடினாலும் கணக்குத் தப்பிவிடும். நாங்கள் கியர் மாற்றாமல் போன ஏழு கிலோமீட்டர் அதற்காக வெட்டியது. சைக்கிள்கள் தெற்கிலிருந்து வடக்கே போவதும், அன்று தண்ணீர் போன திசையில்தான்.

கதையின் இந்தப் பாதியோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அதே சுரங்கத்தின் வழியாக மரமும் போனது. வெள்ளிச் சுரங்கங்கள் சரியாமலிருக்க உள்ளே கட்டம் கட்டமாகக் கட்டைகள் அடுக்கினார்கள்; அந்தக் கட்டைகளுக்குத் தாஹோவைச் சுற்றிய காடு போனது. சீனத் தொழிலாளர்களும் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களும் வெட்டினார்கள். 1880இல் ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக 1,400 அடி மேலே மரத்தை இழுத்தேற்ற ஒரு சரிவு ரயில் போட்டார்கள். இன்று அங்கே கோடீஸ்வரர்கள் வீடு கட்டியிருக்கும் இன்க்லைன் வில்லேஜுக்குப் பேர் வந்தது அதிலிருந்துதான். கோடைதோறும் ஏரிக்கு வந்து மீன் பிடித்துப் போன வாஷோ பழங்குடிகள் இத்தனைக்கும் நடுவில் கரையை இழந்தார்கள். பாதையில் எங்களுக்கு நிழல் கொடுத்த மரங்கள் அநேகமாக எல்லாமே அந்த வெட்டுக்குப் பிறகு முளைத்தவை. ஆதிவனத்தில் சைக்கிள் ஓட்டுவதாகச் சொல்லும் சுற்றுலாத் துண்டறிக்கைகளை இதற்குப் பிறகு என்னால் படிக்க முடியவில்லை.

வெள்ளி தீர்ந்தது, ஊர் சுருங்கியது; தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1950களில் சுரங்கம் உள்ளே இடிந்து அடைத்துக்கொண்டதும் மரத்தொட்டிக்கு வேலை போய்விட்டது. பலகை மக்கிப்போக, வெட்டிய திட்டு மட்டும் மிஞ்சியது. 1963இல் நெவாடா அரசு மொத்த அமைப்பையும் விலைக்கு வாங்கியது. 1980களில் மலைச் சைக்கிள் என்ற புது மோகம் வந்தபோது, சிலர் புதரையும் விழுந்த பாறையையும் அகற்றி அந்தத் திட்டில் ஓட்டத் தொடங்கினார்கள்.

2019இல் இன்க்லைன் வில்லேஜிலிருந்து சேண்ட் ஹார்பர் வரை கரையோரமாகச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மூன்று மைல் பாதை திறந்தார்கள். பாலமும் கைப்பிடியுமாக அழகான பாதை. ஆனால் அதில் ஏற்ற இறக்கம் உண்டு; கியர் மாற்றத்தான் வேண்டும்.

ஃப்ளூம் டிரெயிலுக்குப் போக நினைப்பவர்கள் ஜூன் நடுவுக்கு முன் போக வேண்டாம், நிழல் விழும் வளைவுகளில் பனி கிடக்கும். டனல் கிரீக்கில் காரை விட்டுவிட்டு அங்கிருந்து வேனில் ஸ்பூனருக்குப் போவது நல்லது. நேரமிருந்தால் மறுநாள் வர்ஜீனியா சிட்டிக்கும் போய் வாருங்கள். மார்லெட் தண்ணீரை இப்போது மோட்டார் வைத்து மலைக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் விடுகிறார்கள். அந்த ஊர்க் குழாயில் வருவது இன்றும் இந்த மலைத் தண்ணீர்தான்.