வாடகைச் சுவர்

ஓவியக் காட்சி நடத்திப் பார்த்தவர் எவரும் தப்ப முடியாத கேள்வி ஒன்று உண்டு. "இது என்ன?" என்பதே அது. எத்தனை நாள் ஆயிற்று, என்ன விலை, சட்டம் எங்கே போட்டீர்கள் என்பன எல்லாம் பின்னால் வரும். புனே நகரில் என் ஓவியங்களை இதுவரை மூன்று முறை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறேன். மூன்று முறையும் முதலில் வந்து நின்றது இக்கேள்விதான். மராட்டியில் "ஹே காய் ஆஹே?" என்றும், இந்தியில் "யே க்யா ஹை?" என்றும், நம்மவர் வாயிலாக "இது என்னங்க?" என்றும் கேட்டிருக்கிறேன். மொழி மாறினும் தொனி மாறவில்லை. அத்தொனியில் ஏளனம் குறைவு. தனக்கு மட்டும் ஏதோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்னும் ஆதங்கமே மிகுதி.

நவீன ஓவியம் பயில்வோர் பலருக்கு இக்கேள்வி பிடிப்பதில்லை. பறவையின் பாட்டுக்குப் பொருள் கேட்பது உண்டா என்று எதிர்க்கேள்வி போட்டு நழுவி விடுவர். பறவை மண்டபத்துக்கு வாடகை கட்டுவதில்லை. அழைப்பிதழ் அச்சிட்டு, "குடும்பத்துடன் வருக" என்று கூப்பிடுவதுமில்லை. நாம் கூப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்தவர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். மும்பையிலோ தில்லியிலோ படம் மாட்டப் பெற்றவர்கள் இக்கடமையிலிருந்து எளிதில் தப்பிவிடலாம். அங்கே வருபவர் நாளை நம்மைக் காணப் போவதில்லை. உள்ளூரில் அப்படியன்று. இன்று காட்சிக்கு வந்தவரே நாளை மளிகைக் கடை வாசலில் நம்மை மடக்குவார்.

இந்நகரில் ஓவியக் காட்சி என்றவுடன் நினைவுக்கு வரும் இடம் ஜங்க்லி மகராஜ் சாலையிலுள்ள பால கந்தர்வ ரங்கமந்திர். பெண் வேடத்தில் மராட்டிய நாடக மேடையை ஆண்ட நாராயண் ஸ்ரீபாத் ராஜஹன்ஸ் என்னும் பால கந்தர்வரே 1962இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1968இல் அரங்கு திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். நாடகத்துக்கென எழுந்த அவ்வளாகத்தில் ஓவியங்களுக்கும் ஒரு கூடம் ஒதுக்கியது எவர் யோசனையோ, நல்ல யோசனை. நாடகம் தொடங்க அரை மணி இருக்கிறது, தேநீர் குடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று எட்டிப் பார்ப்பவர்கள்தாம் இத்தகைய கூடங்களின் நிலையான பார்வையாளர்கள். கலாரசிகர் என்னும் பட்டம் தரிக்காதவர்கள். அவர்கள் நின்று பார்த்தால் ஓவியத்துக்காகவே நின்றார்கள் என்று நம்பலாம். நம் முகத்துக்காக நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

மும்பையின் ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952 முதல் இருந்து வருகிறது. அதில் சுவர் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உண்டு. அதன் வாசல் நடைபாதையிலேயே படங்களை அடுக்கி விற்கும் ஓவியர்களும் உண்டு. உள்ளே மாட்டியதையும் வெளியே சாய்த்து வைத்ததையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வெளியே இருந்தவர்களிடம் கேள்வி கேட்பது எளிதாயிருந்தது என்பதை மட்டும் சொல்வேன்.

அரசு ஊழியன் படம் வரைந்து காட்சி வைக்கலாமா என்று நண்பர்கள் கவலையோடு விசாரிப்பதுண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, விதி 15 இதற்கு இடம் தருகிறது. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த பணியை எப்போதாவது மேற்கொள்ளலாம். அலுவல் கெடக்கூடாது என்பதே நிபந்தனை. அந்த "எப்போதாவது" என்னும் சொல்லை நான் பலமுறை படித்துப் பார்த்திருக்கிறேன். விதியை எழுதியவர் எங்களைப் போன்றோரின் கலை வாழ்வு முழுவதையும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டார். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை, அதுவும் தண்ணீர் வராத நாள்களில், எப்போதாவது.

இவ்விதிக்குள் அடங்கக்கூடிய பெரிய ஓவியர் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு ஆறுதல். பாரிஸ் நகருக்குள் வரும் பண்டங்களுக்குத் தீர்வை வசூலிக்கும் அலுவலகத்தில் 1871 முதல் 1893 வரை ஊழியம் பார்த்த ஆன்றி ரூசோதான் அவர். முறையாகக் கலை பயிலாதவர். தேர்வுக் குழு வேண்டாம் என்று 1884இல் தொடங்கப்பெற்ற சுயேச்சை ஓவியர் சங்கத்தின் காட்சியில், கட்டணம் செலுத்திய எவரும் படம் வைக்கலாம். 1886 முதல் ரூசோ அங்கே ஏறத்தாழ ஆண்டுதோறும் படம் வைத்தார். பார்த்துச் சிரிப்பதற்கென்றே சிலர் வந்தனர். பிரான்சை விட்டு வெளியே போகாமல், தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்தே அடர்காடுகளைத் தீட்டியவர் அவர். 1891இல் அவர் வரைந்த, மழையில் பாயும் புலி இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் எந்தப் புலியைக் கண்டார் என்று கேட்போர் இன்றும் உண்டாம். கேட்கட்டும். நான் இங்கே கவனிப்பது புலியை அன்று. பணம் கட்டினால் சுவர் கிடைக்கும் என்னும் அந்த எளிய ஏற்பாட்டை. அது இல்லையேல் புலியும் இல்லை.

நம்மவர்க்கு ஓவியம் புதிதன்று. நம் வீடுகளில் படமில்லாத சுவர் ஏது? தாமரை மேல் நிற்கும் இலக்குமியையும் வீணையேந்திய சரசுவதியையும் பூசை அறையில் கண்டே நாம் வளர்ந்தோம். அப்படங்களின் ஊற்றுக்கண் நாம் குடிவந்திருக்கும் இம்மாவட்டத்திலேயே இருந்தது என்பதைப் பலர் அறியார். கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, தம் ஓவியங்களை ஏழை எளியவரும் வாங்கும்படி கல்லச்சில் பதிக்க 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். சில ஆண்டுகளில் அது மளவலிக்கு இடம் பெயர்ந்தது. புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் வண்டியில் போகிறோமே, கார்லா குகைகளுக்கு இறங்கும் நிலையம், அதே மளவலிதான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று, பல கற்களில் மாற்றி மாற்றி ஒரே தாளை அச்சிட வேண்டும்; கோடு ஒரு நூல் விலகினாலும் அம்மனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். பின்னர் ஷ்லைஷர் என்னும் செருமானியர் கைக்கு அச்சகம் மாறியது. 1972இல் தீக்கு இரையாயிற்று. அந்நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம், எங்கள் ஊர்ப் பூசை அறைக்கு இங்கிருந்துதான் இலக்குமி வந்தாள் என்று எண்ணிக்கொள்வேன். நான் இங்கு வந்து சேரும் முன்பே இவ்வூருக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

இரவிவர்மாவின் இலக்குமி முன் நின்று எவரும் "இது என்ன?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டாத ஓவியமே ஓவியம் என்னும் பழக்கமும் அதனோடு சேர்ந்து நம் கண்ணில் ஊறிவிட்டது. இதைக் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் கண்ணுக்கு வேறொரு பயிற்சியும் உண்டு என்பதை மறந்துவிட்டோம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் "சொற்களும் குறியீடுகளும்" என்னும் வரிசையைத் தீட்டினார். எழுத்துப் போன்ற கிறுக்கல், கணக்குக் குறி, சாதகக் கட்டம் இவையே அவற்றின் உடல். கல்யாணத்துக்கு வரன் பார்த்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பன்னிரண்டு கட்டத்தைப் படம் என்று ஏற்பதில் என்ன தடை இருக்க முடியும்? கட்டத்தைப் பார்த்ததும் ஒரு பெண்ணின் வாழ்வு, ஒரு தந்தையின் கவலை எல்லாம் நம் கண்முன் எழவில்லையா? அரூபம் என்று அஞ்சுகிறோமே, அதைக் கையில் மஞ்சள் தடவிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களே நாம்தாம்.

அதே பணிக்கர் 1966இல் தம் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தார். படம் விற்குமென்று காத்திராமல் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். கலை தனியாக, சோறு தனியாக என்று பிரித்துவைத்த அந்த ஏற்பாடு, மாதச் சம்பளக்காரனான எனக்கு நன்றாகவே விளங்குகிறது. துணிக்குச் சாயம் போட்ட கையே மறுநாள் காலை தூரிகை பிடித்தது. அதனால் ஓவியம் கெட்டது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

கே. எம். ஆதிமூலம் சென்ற வழி வேறு. காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியாரைக் கருங்கோட்டில் வரைந்து குவித்தவர், பிறகு கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி"க்குச் சித்திரம் வரைந்தார். வார இதழ் வாங்கிய வீடுகளிலெல்லாம் நவீனக் கோடு நுழைந்தது. "இது என்ன?" என்று கேட்டவர்களுக்குப் பக்கத்திலிருந்த கதையே பதில் சொல்லிற்று. கூடத்துக்கு மக்கள் வராவிட்டால் மக்களிருக்கும் தாளுக்குக் கூடத்தைக் கொண்டுபோவது பெரிய காரியம். அவர் 2008இல் மறைந்தார். தமிழ் இதழ்களின் பக்கங்களில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே எனக்குத் தோன்றுகிறது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகபுரியில் பிறந்த வாசுதேவ் காயதோண்டே ஆண்டுக்குச் சில ஓவியங்களே தீட்டியவர், 2001இல் காலமானார். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் மும்பை ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று 23 கோடி ரூபாய்க்கு மேல் விலை போயிற்று. அச்செய்தி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை சில நாள் கூடியிருந்தது. "உங்கள் படம் ஒன்றை இப்போதே வாங்கி வைக்கலாமா?" என்று பிரிவு அதிகாரி ஒருவர் கேட்டார். வாங்கவில்லை. ஏலச் செய்தி ஓவியத்தின்பால் மக்களை இழுக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. விலையைக் கேட்டு வருபவர் விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இனி என் சுவருக்கு வருகிறேன். அலுவலகக் கோப்புகளே என் பொருள். பழுப்பு அட்டை, ஊதா முத்திரை, துளையிட்ட ஓரம், அதில் கோத்த நாடா, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய தேதிகள். இருபது ஆண்டுகள் இவற்றையே பார்த்தவனுக்கு மலையும் அருவியும் வரவில்லை. இரண்டாவது காட்சியில் "நிலுவை" என்னும் படத்தின் முன் ஓய்வு பெற்ற மராட்டியர் ஒருவர் வெகுநேரம் நின்றார். நான் அருகில் போனதும் வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. "மாஜீ ஃபாயில்" என்றார். என் கோப்பு என்று பொருள். பிறகு தம் ஓய்வூதியம் எத்தனை மேசைகளைக் கடந்தது என்று சொல்லத் தொடங்கினார். நானும் மேசைக்கு அப்பால் அமர்பவன் என்று அவரிடம் சொன்னேன். சற்று மௌனம். மறுநாள் தம் மனைவியை அழைத்துவந்து அதே படத்தைக் காட்டினார். படத்தின் விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். விற்காமற் போன அப்படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அலுவலகம் போகும் நாள்களில் மேசைமேல் கிடக்கும் உறைகளை முதலில் பிரிக்கிறேன்.

அதே காட்சிக்கு நம் சங்கத்து மாமி ஒருவர் வந்தார். புள்ளிகளை வரிசையாக இட்டு, நடுவே கோடு ஓடவிட்ட பெரிய படம் ஒன்று இருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் எண்ணினார். "ஏம்ப்பா, மேலேர்ந்து எல்லா வரிசையும் சரியா இருக்கு. கடைசி வரிசையிலே மட்டும் ஒரு புள்ளி குறையறதே?"

"வேணும்னுதான் விட்டேன், மாமி."

"வேணும்னா விட்டே? அப்ப சரி. ஆனா கண்ணு அங்கேயே போய்ப் போய் நிக்கறது."

அதற்காகவே விட்டேன். படித்தவர் பலர் அப்படத்தின் முன் நின்று வெளி என்றும் மௌனம் என்றும் பேசினார்கள். புள்ளியை எண்ணியவர் மாமி ஒருவர்தான். இக்காலக் காட்சிகளில் படத்தைவிட நீளமான விளக்க அட்டை தொங்குகிறது. அதைப் படிப்பதில் நேரம் போய்விடுகிறது. வாசலில் அறுபது ஆண்டு கோலம் போட்ட கண்ணுக்கு அட்டை தேவைப்படவில்லை.

வருகைப் பதிவேட்டருகே என் மகளை உட்கார வைத்திருந்தேன். இங்கேயே பிறந்தவள், மராட்டி சரளம், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நான் எழுதும் கட்டுரை எதையும் அவள் தானாகப் படித்ததில்லை. இதையும் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் படங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவளே மராட்டியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலவற்றுக்கு அவள் சொன்ன விளக்கம் எனக்கே புதிது. நான் குறுக்கிடவில்லை. மொழி கைமாறாமல் நின்றுபோன இடத்தில் வேறேதோ கைமாறுகிறது என்று அப்போது தோன்றிற்று. மூன்றாவது காட்சியின் மண்டப வாடகைக்கு நான் தயங்கியபோது, "போடுங்கப்பா, நான் உட்கார்றேன்" என்றவள் அவள்தான்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பொங்கல் விழாவுக்கு மண்டபம் எடுக்கிறோம். பட்டிமன்றத்துக்கும் பாட்டுக்கும் மேடை தருகிறோம். பக்கச் சுவர் நாள் முழுதும் சும்மா இருக்கிறது. நம் குடும்பங்களில் வரைபவர்கள் பலர் இருப்பதை நான் அறிவேன். அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறார்கள். தேர்வுக் குழு வேண்டாம். கொண்டுவருபவர் எவராயினும் மாட்டட்டும், பக்கத்திலேயே நின்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஆணி அடிக்க மண்டபத்தார் அனுமதிப்பதில்லை என்று சென்ற முறை செயலாளர் சொன்னார். அடிக்க வேண்டாம், சன்னல் கம்பியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிடலாம். கயிறு நான் கொண்டுவருகிறேன்.