பிரிம்ஃபீல்டில் ஒரு மேசை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிம்ஃபீல்ட் என்ற சிற்றூர். பழம்பொருள் சந்தை நடக்கிறது. 1959-இல் கார்டன் ரீட் என்ற ஏலக்காரர் தொடங்கி வைத்தது. இன்று மே, ஜூலை, செப்டம்பர் என வருடத்துக்கு மூன்று தடவை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கூடாரங்கள் முளைத்துவிடும். பீங்கானும் பொம்மையும் விற்கும் இடங்களில் நெரிசல். தச்சுச் சாமான் மேசையில் ஒரே ஒருவர்தான் நிற்கிறார்.

அறுபது வயதிருக்கும். சட்டைப்பையில் மடக்கு அளவுகோல். ஒரு கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்திருக்கிறது. அவர் முன்னால் இரண்டு சுரண்டு இழைப்புளிகள். ஒன்று ஸ்டான்லி நிறுவனத்தின் 112. 1885 முதல் 1943 வரை விற்பனையில் இருந்த இனம். மற்றது கனடாவின் வெரிட்டாஸ். யாரோ ஆசையாக வாங்கி, அதிகம் புழங்காமல் தள்ளிவிட்டது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

சாதாரண இழைப்புளியில் அலகு பின்னால் சாய்ந்திருக்கும். இதில் முன்னால் சாய்கிறது. வெட்டுவது முனையில்லை, முனையில் மடக்கிவிட்ட மயிரிழைப் பிசிறு. சுருள் ரேகை ஓடும் மேப்பிள் பலகையில் இழைகள் அலையாக ஏறி இறங்கும். கூர்மையான இழைப்புளிகூட அங்கே பிய்த்துக்கொண்டு போகும். பிசிறு பிய்க்காமல் வழித்தெடுக்கும். நம்மூர் ஆசாரிகள் உடைந்த கண்ணாடித் துண்டால் செய்கிற அதே வேலைதான். வெறும் தகடாகப் பிடித்துச் சுரண்டினால் கட்டைவிரல் சூட்டில் வெந்துபோகும், பலகையிலும் பள்ளம் விழும் என்பதால்தான் அலகுக்கு இப்படி ஓர் உடம்பு.

கடைக்காரர் சோதிக்க ஒரு மேப்பிள் துண்டை மேசை விளிம்பில் இறுக்கி வைத்திருக்கிறார். பெரியவர் முதலில் வெரிட்டாஸைத் தள்ளுகிறார். தூள்தான் வருகிறது. முகம் சுளிக்காமல் அலகைக் கழற்றி, விளிம்பில் விரலை ஓட்டுகிறார். பையிலிருந்து சின்ன அரம், ஓர் எஃகுக் கோல். அரத்தால் நான்கு இழுப்பு. பிறகு கோலை அழுத்தி, கொஞ்சம் சாய்த்து, மறுபடி அழுத்தி, பிசிறை மடக்குகிறார். இழைப்புளியைப் பலகைமேல் வைத்து, அலகு தானாக இறங்கி மரத்தைத் தொட்டதும் திருகை முடுக்குகிறார். சாய்வை ஒரு துளி கூட்டித் தள்ளினால், பட்டுநூல் மாதிரி சீவல் எழும்பி வருகிறது.

இப்போதுதான் வேடிக்கை. அதே அலகைக் கழற்றி ஸ்டான்லியில் பூட்டுகிறார். அங்கேயும் அதே சீவல். ஆனால் பலகையை வெளிச்சத்தில் சாய்த்தபோது இரண்டு மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அலகின் மூலைகள் கீறியவை. வெரிட்டாஸில் அலகின் முதுகை அழுத்தி லேசாக வளைக்க ஒரு திருகு உண்டு, மூலைகள் தூக்கிக்கொள்ளும். ஸ்டான்லிக்காரன் மூலைகளை அரத்தால் மழுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய குறையில்லை. கைவசம் அரம் இருப்பவருக்குக் குறையே இல்லை. வாங்கிய அன்றே வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் புதியது. இரண்டு சாயங்காலம் செலவழிக்க மனமிருந்தால் பழையதும் தோற்காது என்பது என் கட்சி.

பெரியவருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஸ்டான்லியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருக்கிறார். திருப்பி, வாய்ப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை. சாய்வைப் பூட்டும் நட்டுகளைச் சுழற்றுகிறார். ஒன்றின் மரை தேய்ந்திருக்கிறது. சொந்த அலகும் துருவரித்துப் போயிருக்கிறது. இருபது டாலர் குறைக்கச் சொல்கிறார். கடைக்காரர் தலையாட்டி மறுக்கிறார். பத்து? அதற்கும் அதே தலையாட்டல். வெரிட்டாஸுக்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பெரியவர் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நகர்கிறார்.

கடைக்காரரின் பிடிவாதம் எனக்குப் புரியவில்லை, அடுத்த ஆள் வரும்வரை. இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை. ஸ்டான்லியைத் தூக்கியதும் கைப்பேசி விளக்கைப் போட்டு, வார்ப்பில் உள்ள கறுப்புப் பூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மூலைமூலையாகப் பார்க்கிறார். அலகின் முத்திரை எழுத்தை எதனோடோ ஒப்பிடுகிறார். மரை தேய்ந்த நட்டை அவர் தொடவே இல்லை. கடைக்காரர் மேப்பிள் பலகையைக் காட்டி, தள்ளிப் பாருங்களேன் என்கிறார்.

“வேண்டாம், வேண்டாம். பூச்சு உதிர்ந்துவிடும்” என்கிறார் இளைஞர். சீட்டில் போட்டிருந்த விலையை அப்படியே கொடுக்கிறார்.