செத்த காலேஜில் ஒரு தரிசனம்

சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் இரண்டு காலேஜ்கள் மிகவும் பிரஸித்தமாயிருந்தன. அவற்றில் நுழையப் பரீட்சை தேற வேண்டியதில்லை. பாடம் படிக்க வேண்டியதுமில்லை. ஒன்றுக்கு 'உயிர் காலேஜ்' என்றும், மற்றொன்றுக்குச் 'செத்த காலேஜ்' என்றும் ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். முதலாவது மிருகக் காட்சி சாலை. இரண்டாவது, எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள அரசாங்க மியூஸியம்.

பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. 1851-ம் வருஷத்தில் இந்த மியூஸியம் பிறந்தபோது, அதற்குத் தனி வீடு கிடையாது. கோட்டைக் கல்லூரி என்று வழங்கிய கட்டிடத்தின் மாடியில், சுமார் 1,100 கல் வகைகளுடன் குடித்தனம் ஆரம்பமாயிற்று. டாக்டர் எட்வர்ட் பால்பர் என்னும் வெள்ளைக்கார வைத்தியர் அதன் முதல் அதிகாரி. 1854-ல் இப்போதுள்ள இடத்துக்கு மியூஸியம் குடிபெயர்ந்தது. அங்கே பால்பர் புலியையும் சிறுத்தையையும் கொண்டு வந்து கட்டினார், கூட்டம் தாங்கவில்லை. 1863-ல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய்விட்டன. உயிருள்ளவை அங்கேயும், உயிரற்றவை இங்கேயுமாகப் பாகப்பிரிவினை நடந்து முடிந்தது.

ஆனால் உயிரற்றவை என்று சொன்னது சரிதானா? அதைத்தான் நேயர்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அமராவதிச் சிற்பங்களிடம் போவோம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மகா ஸ்தூபத்தின் வெண்ணிறச் சுண்ணாம்புக் கற்கள் இவை. வட்டமான ஒரு பலகையில், நளகிரி என்னும் மத யானை வீதியில் வெறிகொண்டு ஓடி வருகிறது. ஜனங்கள் நடுங்குகிறார்கள், மேல்மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்தின் மறுபக்கத்தில், அதே யானை புத்தர் பெருமானின் திருவடியில் மண்டியிட்டிருக்கிறது. கோபமும் சாந்தியும் ஒரே கல்லுக்குள் அடங்கிவிட்டன. ஏறக்குறைய 1,800 வருஷமாகியும் அந்த வீதியின் கூக்குரல் நம் காதில் விழுகிறது.

இந்தக் கற்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொந்த ஊரிலேயே வீடு கட்டப் பெயர்த்தெடுத்தார்கள். 1845-ல் வால்டர் எலியட் துரை தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை, பல வருஷம் வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்றுக் கிடந்தன. 1859-ல் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டன. இன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. ஒரே வேலியின் கற்கள் இரண்டு சமுத்திரங்களுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்து நிற்கின்றன. நமக்கு எஞ்சியவற்றையும், பின்னால் கிடைத்தவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1942-ல் ஒரு பெரிய நூல் எழுதினார் நம்மவரான சி. சிவராமமூர்த்தி. பிறர் எடுத்துப் போனதற்காக வருந்தினால் மட்டும் போதாது; இருப்பதை அறிந்துகொள்ளவும் வேண்டும் என்பதற்கு அந்த நூலே சாட்சி.

இனி, செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரி வலப்புறம் இரண்டு கரமும் இடப்புறம் ஒரே கரமுமாக நிற்கிறார். ஒரு பாதியில் கம்பீரம், மறு பாதியில் நளினம்; இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சற்று அப்பால் திருவாலங்காட்டு நடராஜர். திருவாசி இல்லை; விரிசடையும் போய்விட்டது. ஆயினும் ஆட்டம் நின்றபாடில்லை. பிரெஞ்சு தேசத்தின் மகா சிற்பியான ரோதேன் இந்தியாவுக்கு வந்ததேயில்லை. இந்த மூர்த்தியின் புகைப்படங்களைப் பார்த்தே பரவசமாகி, 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். படத்தைக் கண்டே அவருக்கு அப்படியென்றால், நேரில் காணும் பாக்கியம் பெற்ற நாம் எப்படியிருக்க வேண்டும்?

நான் போயிருந்த தினத்தில், ஒரு பாட்டியாரும் அவருடைய பேரக் குழந்தையும் அங்கே வந்தார்கள்.

"ஏன் பாட்டி, இந்த சுவாமிக்கு விளக்கு ஏற்ற மாட்டார்களா?" என்று கேட்டது குழந்தை.

பாட்டியார் பதில் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இத்திருமேனிகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதற்காக வார்க்கப்பட்டவை அல்ல. பலவற்றின் பீடத்தில் துளைகளையும் வளையங்களையும் இன்றும் காணலாம். அவற்றில் தண்டு செருகித் தோளில் சுமந்து வீதிவலம் வந்தார்கள். பிறகு ஏதோ ஒரு படையெடுப்பு. ஏதோ ஓர் இரவு. எதிரி உருக்கிவிடுவானே என்று அஞ்சிய பக்தர்கள் மண்ணைத் தோண்டிப் புதைத்தார்கள். ஆபத்து நீங்கியதும் திரும்ப எடுக்கலாம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். எத்தனையோ இடங்களில் அப்படி எடுக்க யாரும் வரவில்லை. நூற்றாண்டுகள் கழித்து ஓர் உழவனின் ஏர் தட்டியது. அல்லது கிணறு தோண்டுகிறவனின் கடப்பாரை தட்டியது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வழியாகப் பல மூர்த்திகள் எழும்பூர் வந்து சேர்ந்தன. மண்ணிலிருந்த காலத்தில் செம்பைப் பிடித்த பச்சைக் களிம்பு நோயைத் தீர்ப்பதற்கென்றே 1930-ல் இங்கே ஒரு ரஸாயனசாலை ஏற்பட்டது. எஸ். பரமசிவன் அங்கே அந்த வைத்தியத்தைச் செய்தார்.

கோயிலில் இருக்க வேண்டியது மியூஸியத்தில் இருப்பது குறைதான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் உருக்குமுலைக்கும் கள்ளச் சந்தைக்கும் தப்பி நிற்பது பெரும் பாக்கியம். அந்த இரவில் மண்ணைத் தள்ளி மூடிய கைகள் யாருடையவையோ, நமக்குத் தெரியாது. எடுக்க வேண்டியவர்கள் வரவில்லை. அவர்கள் ஸ்தானத்தில் நாம்தான் இருக்கிறோம்.

அடுத்த விடுமுறைக்குச் சென்னை செல்கிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிட வேண்டாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு பாந்தியன் சாலைக்கும் போய் வாருங்கள். அந்தக் குழந்தை கேட்ட கேள்வியை உங்கள் குழந்தையும் கேட்கக்கூடும். கேட்டால், புதைத்தவர்களின் கதையைச் சொல்லுங்கள்.